விருதும் ஸனதும்

ஒரு மனிதரின் சிறப்பை ஊரறியப் போற்றும்போது, அச்சிறப்பில் அவருக்கு உரியது எவ்வளவு, பிறருக்கு உரியது எவ்வளவு? வினா பழையது. ஆயினும் புதிய அறிவுத்துறை ஒன்று அதனை மீண்டும் நம்முன் நிறுத்துகின்றது.

வாழ்க்கைப் போக்கு ஆய்வு என்பது அத்துறை. மழலைப் பருவம் முதல் முதுமை வரை மனித வாழ்வை ஒரே தொடராகக் கண்டு, காலமும் சூழலும் அதனை உருவாக்கும் விதத்தை அது ஆராய்கின்றது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் கிளென் எல்டர். அமெரிக்காவின் ஓக்லண்டு நகரில், 1920, 1921ஆம் ஆண்டுகளில் பிறந்த 167 பிள்ளைகளைப் பற்றிப் பல்லாண்டுகளாகத் திரட்டப்பட்ட குறிப்புகளை அவர் ஆராய்ந்து, 1974இல் நூலாக வெளியிட்டார். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் தந்தையின் வருவாய் குன்றிய வீடுகளில் மகன் கூலி தேடிச் சென்றான். மகள் இல்லப் பொறுப்பைச் சுமந்தாள். ஒருவர் வாழ்வு பிறர் வாழ்வோடு பிணைந்தே செல்கின்றது என்பது இத்துறையின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று.

இத்துறையினர்க்கு விருதுகளும் உண்டு. அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் ஒரு பிரிவு, மடில்டா வைட் ரைலி (1911–2004) அம்மையார் பெயரால் சிறந்த அறிஞர் விருது வழங்குகின்றது. எவர் வாழ்வும் தனித்து உருவாவதில்லை என்று நிறுவும் அறிஞரையே தனித்து நிறுத்திப் போற்றுகின்றோம்! தம் இன்ப துன்பங்களை ஆய்வாளரிடம் ஒப்புவித்தோரின் பெயர்களை மறைத்து வைப்பது முறையே. ஆனால் பெயர் மறைவதால் கடன் மறைந்துவிடுமா?

வாழ்க்கையை ஆராய்வது நம் முன்னோர்க்கும் புதிதன்று. இப்னு ஸஅத் (மறைவு கி.பி. 845) தம் தபகாத் நூலில் மாந்தரைத் தலைமுறை தலைமுறையாக வகுத்தார். ஹதீஸ் கலை வல்லோர், அறிவிப்பாளர் யாரிடம் எப்போது செவியுற்றார், முதுமையில் அவர் நினைவு தளர்ந்ததா என்றெல்லாம் துருவினர். அவ்வறிவிப்பாளர் தொடருக்கே ஸனது என்று பெயர். மதரஸாவில் ஓதி முடித்தவர் பெறும் பட்டச் சான்றுக்கும் அதுவே பெயராயிற்று.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த லால்பேட்டையில், 1862இல் தோன்றிய ஜாமிஆ மன்பவுல் அன்வாரில் ஸனது பெற்ற ஆலிம்கள், தம் பெயருக்குப்பின் 'மன்பஈ' என எழுதுகின்றனர். தாம் அருந்திய ஊற்றின் பெயரையே பட்டமாகச் சூடுகின்றனர். காட்டுமன்னார்கோயில் தந்த நாதமுனிகளையும் வைணவர் ஆசாரிய வரிசையில் வைத்தே வணங்குகின்றனர். பெருமையைத் தொடரில் வைத்துக் காணும் பண்பு இம்மண்ணுக்குப் பொதுவானது.

அவ்வாறாயின் விருதே வேண்டாமோ? அன்று. எது போற்றத்தக்கது என்று இளையோர்க்குக் காட்ட ஒரு சமுதாயத்துக்கு விருதும் ஒரு வழி. பாராட்டாத ஊரில் கல்வி வாடும். ஆனால், அறிஞர் என அழைக்கப்படுவதற்காகவே கற்றவரின் மறுமை நிலையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். மனிதர்க்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்றும் உணர்த்தியுள்ளார்கள். முன்னது விருது பெறுவோர்க்கு. பின்னது வழங்கும் நமக்கும் சேர்த்து.

ஆகவே நம் ஊர் விழாக்களில் மாணவர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது, அவருக்கு முதன்முதல் அலிஃப் ஓதிக்கொடுத்த உஸ்தாதின் பெயரையும் வாசிப்போம். தன் படிப்பை நிறுத்திக்கொண்டு தம்பியைப் படிக்க வைத்த அக்காள் இருந்தால், அவளையும் முன்வரிசையில் அமர்த்துவோம்.