சாய்மனைக் கதிரையும் ஊன்றுகோலும்

வயது முதிர்ந்த தந்தையைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, தேநீரையும் மருந்தையும் கைக்கெட்டக் கொடுத்து, “நீங்கள் ஏன் எழும்புகிறீர்கள் அப்பு, நாங்கள் இருக்கிறோமே” என்று தடுத்துவிடும் பிள்ளையை நாம் நல்ல பிள்ளை என்கிறோம். முற்றத்திலே தடுமாறி நடக்கும் முதியவரைக் கண்டாலோ, அவர்தம் மக்களை ஊர் பழிக்கிறது. இந்தப் புகழும் இந்தப் பழியும் அறத்தின்பாற்பட்டவைதாமா என்பதே எமது வினா.

தசை உழைப்பால் வாழ்வது, ஓய்வால் தேய்வது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்விலே, நலமுள்ள முதியோர் சிலர் பத்து நாட்கள் படுக்கையிற் கிடந்தனர். நோயெதுவுமின்றியே அவர்தம் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோயிற்று. மறுபுறம், அமெரிக்காவில் 1990இல் வெளியான ஆய்வொன்றிலே, தொண்ணூறு வயதை அண்டிய முதியோர் எட்டு வாரங்கள் பாரந்தூக்கிக் காற்பயிற்சி செய்தனர். அவர்களது கால்வலு இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. இருவர் ஊன்றுகோலையே விடுத்தனர். ஆகவே, மூப்பின் தளர்ச்சி என்று நாம் கொள்வதில் ஒரு பகுதி இயற்கை தந்தது. மறுபகுதி கதிரை தந்தது.

இயன்மருத்துவர் முதியவரிடம் “உமக்கு நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்பதில்லை, “உம்மால் எது முடியும்?” என்றே தொடங்குகிறார். கையூன்றாது கதிரையினின்று எழுதல், மேசையைப் பற்றியவாறு ஒற்றைக்காலில் நிற்றல், ஊன்றுகோலை நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையிற் பிடித்தல் ஆகியன எளிய பயிற்சிகளே. எனினும் தன் கருமத்தைத் தானே ஆற்றும் மானம் அவற்றினாலேயே மீள்கிறது.

“விழுந்தால் என்செய்வது?” என்பார் உளர். அச்சம் நியாயமானதே. ஆனால் வலுவிழந்த காலன்றோ எளிதில் விழுகிறது! உடற்பயிற்சி முதியோரின் வீழ்ச்சிகளை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைக்கின்றதென, நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டின் மதிப்பீடு காட்டுகிறது. எழவே இயலாதாரைத் தாங்குதல் கடமை என்பதில் ஐயமில்லை. எழக்கூடியவரைத் தடுப்பதோ, அன்பின் பெயரால் இடும் விலங்கு. எவ்வளவு துணிவது, எங்கே நிறுத்துவது என்பதை முடிவுசெய்யும் உரிமையும் முதியவருக்கே உரியது. பயிற்சியை வற்புறுத்தித் திணிப்பதும் அவ்வுரிமையைப் பறிப்பதேயாம்.

எனினும் குற்றத்தைப் பிள்ளைகள் மீது மட்டும் சுமத்தி நாம் தப்பிவிட முடியாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல் அறுபதைக் கடந்தோர். பெற்றோரைப் புறக்கணிக்கலாகாதென 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பிள்ளைகளைப் பணிக்கிறது. நன்று. ஆனால் ஆயுள் முழுதும் கொழுந்துக்கூடை சுமந்து மலைச்சரிவில் முழங்கால் தேய்ந்த தாய், இயன்மருத்துவரைக் காண நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போவதற்கு உயர்ந்த பஸ் படியில் ஏறவேண்டும். அப்படியில் ஏற முடியாமையே அவள் நோய்! அவளது கால்களின் உழைப்பைக் கொண்ட சமுதாயம் அக்கால்களுக்குக் கடன்பட்டதன்றோ?

அக்கடனைக் கதிரை கொடுத்துத் தீர்க்க இயலாது. இயன்மருத்துவம் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் சென்றாக வேண்டும். அதுவரை, வீட்டிலே, முதியவர் எழ முயலும்போது தோளை அழுத்தும் கையை எடுத்துவிட்டு, அருகிலே நிற்கவேனும் நாம் கற்றுக்கொள்வோமாக.