பழுதை அறிந்தவர் கடன்

வாணிபத்தை ஒட்டி எழும் அறவியல் வினாக்கள் பெரும்பாலும் பெருவணிகரை முன்னிறுத்தியே ஆராயப்பட்டு வந்துள்ளன. கலப்படம், பதுக்கல், கள்ள நிறுவை முதலியவற்றைச் சான்றோர் பலர் கண்டித்துள்ளனர். ஆனால் வணிகர் அல்லாத ஒருவர், தாம் பாவித்த பொருளொன்றை முன்பின் அறியாத இன்னொருவருக்கு ஒரேயொரு முறை விற்கும்போது அவருக்குரிய கடப்பாடு யாது என்ற வினா அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. இணைய விளம்பரத்தின் வாயிலாக எவரும் எவருக்கும் எதனையும் விற்கலாம் என்ற நிலை தோன்றிவிட்ட இன்று இவ்வினாவை ஒதுக்கிவைத்தல் இயலாது. பாவித்த கைத்தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியன கைமாறும்போது எழும் பிணக்குகள் அன்றாட நிகழ்ச்சிகளாகிவிட்டன. அவற்றின் அடியில் உள்ள அறப்பிரச்சினையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி நோக்கிச் செல்லும் பெருவீதியில், இரத்தினபுரி மாவட்டத்தில், கொடகவெல அமைந்துள்ளது. அதனை அடுத்துள்ள தோட்டமொன்றில் வாழும் தொழிலாளி ஒருவர், உயர்தர வகுப்பிற் பயிலும் தம் மகளுக்காகப் பாவித்த கைத்தொலைபேசி ஒன்றை விளம்பரத்திற் கண்டு முப்பதினாயிரம் ரூபாவுக்கு வாங்குகிறார் எனக் கொள்வோம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும், 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டன. பின்னைய கணக்கின்படி நோக்கினும் அத்தொலைபேசியின் விலை இருபத்திரண்டு நாள் உழைப்புக்கு மேற்பட்டதாகும். பஸ் நிலையத்தருகே இருவரும் சந்திக்கின்றனர். வாங்குபவர் திரையைத் தொட்டுப் பார்க்கிறார், மகளுக்கு ஓர் அழைப்பு எடுத்துப் பார்க்கிறார், பணத்தைக் கொடுக்கிறார். நான்காம் நாள் தொலைபேசி தானே அணைந்துவிடுகிறது. திருத்துநர் அதனைத் திறந்து, முன்னரே உள்ளே நீர் புகுந்துள்ளது என்றும், உட்பலகை ஒருமுறை சூடாக்கி ஒட்டப்பட்டுள்ளது என்றும் கூறுகிறார். விற்றவரோ, “பார்த்துத்தானே வாங்கினீர்கள், என்னிடம் இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது” என்கிறார். மறுநாள் அவருடைய இலக்கம் பதிலளிப்பதில்லை.

கதை இத்துடன் முடிவதில்லை. திருத்துநர் இரக்கத்தோடு ஒரு வழி சொல்கிறார்: “இன்னொருமுறை சூடாக்கித் தருகிறேன். இரண்டு கிழமைக்குத் தாங்கும். அதற்குள் வந்த விலைக்கே விற்றுவிடுங்கள், அண்ணை.” ஏமாற்றப்பட்ட அந்த மனிதர் இதனைச் செய்யலாமா? நமது சிந்தனைக்கு உரிய மெய்யான வினா இதுவேயாகும்.

விற்பவர் தாம் அறிந்த குறையைக் கூறக் கடமைப்பட்டவரா என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய விவாதமாகும். கி. மு. 44 இல் தம் மகனுக்கு எழுதிய ‘கடமைகள் பற்றி’ என்ற நூலின் மூன்றாம் பாகத்தில், உரோம அறிஞர் சிசரோ இதனை விரிவாக ஆராய்கிறார். தன் வீட்டில் உடல்நலத்துக்கு ஊறு உண்டு, மரங்கள் உளுத்துள்ளன, அறைகளிற் பாம்பு நடமாட்டம் உண்டு என்பவற்றை உரிமையாளன் ஒருவனே அறிவான். அவற்றைக் கூறாமல் அவன் வீட்டை விற்கலாமா? தோயிக் மரபைச் சேர்ந்த பாபிலோனிய தியோஜெனிஸ், வாங்கும்படி எவரும் வற்புறுத்தப்படவில்லை என்றும், சொல்லாதிருத்தல் வேறு மறைத்தல் வேறு என்றும் வாதிட்டார். அவர் மாணாக்கராகிய அந்திபாத்தர், அறிந்தே ஒருவனைப் பிழையில் விழவிடுதல் வழி தவறியவனுக்கு வழிகாட்ட மறுப்பதினும் கொடியது என்றார். இருவரிடையே சிசரோ அந்திபாத்தரின் பக்கமே சார்கிறார். அறிந்துகொள்வதால் நன்மை பெறக்கூடியவரை நம் இலாபத்துக்காக அறியாமையில் வைத்திருப்பதே மறைத்தல் என்பது அவர் முடிபு.

கொடகவெலப் பிணக்கில் விற்றவரின் வாதம் தியோஜெனிஸின் வாதமேயாகும். அதனை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. பாவித்த பொருள் புதிய பொருளன்று என்பதை வாங்குபவர் அறிவார். விலை குறைந்திருப்பதும் அதனாலேயே. ஆயினும் குறைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. கீறல் விழுந்த திரை கண்ணுக்குத் தெரியும். மின்கலம் சில நூறு மின்னேற்றங்களின் பின் வலுவிழப்பது அவ்வகைப் பொருள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு. இவ்விரண்டும் குறைந்த விலையினுள் அடங்கியவை எனலாம். நீர் புகுந்தமையும், பலகை ஒட்டப்பட்டமையும், முந்திய உரிமையாளரின் கணக்கினாற் கருவி பூட்டப்படக்கூடும் என்பதும் வேறு வகையின. பத்து நிமிடச் சோதனையில் அவை புலப்படா. எவருடைய விழிப்பும் எட்டாத இடத்தில் “விழிப்பாக இருந்திருக்க வேண்டும்” என்று கூறுதல் பொருளற்றது.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் உதவும் என்பதையும் நோக்குதல் தகும். இலங்கையில் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. விற்கத்தக்க தரம் உண்டு என்ற உட்கிடையான நிபந்தனையை, அவ்வகைப் பொருளை விற்பதைத் தொழிலாகக் கொண்டவர்மீதே அது பெரிதும் சுமத்துகிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் கண்ணோட்டமும் வர்த்தகரை நோக்கியதே. தம் பழைய தொலைபேசியை விற்கும் தனிமனிதர் இவ்வேலிகளுக்கு அப்பால் நிற்கிறார். அவர் வேண்டுமென்றே பொய்யுரைத்தார் என நிறுவினால் பரிகாரம் உண்டு. ஆனால் முப்பதினாயிரம் ரூபாவுக்காக வழக்காடும் ஆற்றல் நாட்கூலி பெறுபவருக்கு ஏது? 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இத்தகைய பிணக்குகளுக்கு ஏற்ற இடமாகும். அங்கே சட்டத்தரணிகள் இன்றித் தரப்பினர் தாமே பேசலாம். எனினும் அச்சபை இணக்கத்தைத் தேடுமேயன்றித் தீர்ப்பைத் திணிக்காது. எதிர்த்தரப்பினர் யார், எங்குள்ளார் என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். எனவே சட்டம் விட்டுவைத்த இடைவெளியில் விற்பவரின் மனச்சான்று ஒன்றே எஞ்சி நிற்கிறது.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழலாம். அறிந்தவர் அறியாதவருக்கு யாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கல் வாங்கல் செய்தல் வேண்டுமெனின், அறிவினால் விளையும் இலாபம் அனைத்தும் குற்றமாகாதா? இதற்கு விடை காணச் சபரகமுவையின் மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. கெவுட எனப்படும் பால்நிறக் குருந்தக் கற்கள் ஒரு காலத்தில் நம்மவராற் பெறுமதி குறைந்தனவாகக் கருதப்பட்டன. 1970 களில் தாய்லாந்து வணிகர் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, மிகுந்த வெப்பத்திற் சூடாக்கி, உயர்ந்த நீலக்கற்களாக மாற்றி விற்றுப் பெரும்பொருள் ஈட்டினர். அவர்கள் தம் அறிவைக் கூறாது வாங்கியது குற்றமா? கற்றுத் தேர்ந்த கைவன்மையின் பயனைக் கற்றவர் அடைதல் நியாயமே என ஒருவர் வாதிடலாம். ஆனால் தொலைபேசி நீரில் விழுந்தது என்ற அறிவு எவ்வித உழைப்பினாலும் பெற்றதன்று. அது அப்பொருளின் வரலாறு. பொருளோடு சேர்ந்தே கைமாற வேண்டியது. இக்காரணம்பற்றியே கல் சூடாக்கப்பட்டதா இல்லையா என்பதைக் கூறி விற்றல் இன்று உலக இரத்தினக்கல் வணிகத்தில் எதிர்பார்க்கப்படும் ஒழுக்கமாகியுள்ளது. சூடாக்கும் நுட்பத்தைச் சொல்லுமாறு எவரும் கேட்பதில்லை. சூடாக்கப்பட்டது என்ற செய்தியைச் சொல்லுமாறே கேட்கின்றனர்.

மறைத்தலின் தீங்கு அவ்விருவரோடு நின்றுவிடுவதும் இல்லை. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அகேர்லொவ் 1970 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் பாவித்த மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்கொண்டு இதனை விளக்கினார். நல்லதையும் பழுதானதையும் வாங்குவோர் பிரித்தறிய இயலாதபோது, எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே தர முன்வருவர். அவ்விலைக்கு நல்ல பொருளை விற்க எவரும் விரும்பார்; நல்லவை சந்தையைவிட்டு விலக, எஞ்சுபவை பழுதானவையே. 2001 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தமைக்கு இவ்வாய்வு அடிப்படையாயிற்று. இவ்வாறு சீர்கெட்ட சந்தையால் அதிகம் துன்புறுவோர் யாவர்? புதிய பொருளை வாங்கும் வசதியுடையோர் அல்லர். பழையதைத் தவிர வேறொன்றை நினைத்தும் பாராத லயன் குடும்பத்தினரே.

மறுபுறத்தே, விற்பவர் உண்மையாகவே குறையை அறியாதவராகவும் இருக்கலாம். அவரும் அதனைப் பிறரிடம் வாங்கியிருக்கலாம். அவரை வஞ்சகர் என்று தூற்றுதல் முறையாகாது. ஆயினும் பழுது வெளிப்பட்ட பின்னர், “எனக்குத் தெரியாது” என்பது குற்றச்சாட்டுக்கு விடையாகுமேயன்றி, நட்டத்துக்கு விடையாகாது. இருவரும் அறியாத குறையினால் வந்த இழப்பை இருவரும் பகிர்ந்துகொள்வதே நியாயமெனத் தோன்றுகிறது. தொலைபேசி இலக்கத்தை மாற்றி மறைந்துவிடுதல், அறியாமையாகத் தொடங்கியதை வஞ்சனையாக முடிப்பதாகும்.

இனி நாம் அத்தொழிலாளியிடம் மீள்வோம். அவர் பொருளை வாங்கியபோது அறியாதவர். திருத்துநரின் சொல்லைக் கேட்ட கணத்தில் அறிந்தவராகிவிட்டார். முன்னைய விற்பனையாளர் எந்த இடத்தில் நின்றாரோ அந்த இடத்திலேயே இப்போது இவர் நிற்கிறார். தாம் வஞ்சிக்கப்பட்டவர் என்பது, வஞ்சித்தவரிடம் ஈடு கேட்கும் உரிமையை இவருக்குத் தருகிறது. அடுத்து வாங்கப்போகும் மூன்றாமவர்மீது அது எந்த உரிமையையும் தருவதில்லை. அம்மூன்றாமவரும் இவரைப் போலவே பிள்ளையொன்றின் படிப்புக்காகக் கடன்பட்டு வருபவராயிருத்தல் கூடும்.

வள்ளுவர் வணிகர்க்குரிய ஒழுக்கத்தைப் பொருட்பாலில் வையாது, அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிற் கூறியமை நோக்கற்பாலது. நடுவுநிலை என்றதும் இருவர் வழக்கைத் தீர்க்கும் நீதிபதியே நம் நினைவுக்கு வருகிறார். விற்பவரும் ஒரு நீதிபதியே. தமக்கும் பிறருக்கும் இடையே துலாக்கோலைத் தாமே பிடிக்க வேண்டிய நீதிபதி அவர். தன்னலம் ஒரு தட்டில் இருக்க, அக்கோலைக் கோடாமல் பிடித்தல் மிக அரிது.

இம்முடிபு கடுமையானது என்பதை மறைப்பதற்கில்லை. குறையைக் கூறி, உதிரிப் பாகங்களுக்காக அத்தொலைபேசியை விற்பின் அவருக்குச் சில ஆயிரம் ரூபாவே கிடைக்கும். எஞ்சிய நட்டம் இருபது நாள் கொழுந்து பறித்த உழைப்பாக அவர் தலைமேல் விழும். அறவோர் இழக்க வஞ்சகர் வாழும் உலகில் அறத்தை ஏழையிடம் வற்புறுத்தும் தகுதி நமக்கு உண்டா என்ற கேள்வி நம்மைச் சுடவே செய்யும். அவருக்கு நாம் செய்யக்கூடியவையும் உண்டு. விற்பவரின் அடையாளத்தையும், கூறிய உறுதிமொழிகளையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறு தோட்டத்து மக்களுக்கு எடுத்துச் சொல்லலாம்; மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு எழுத உதவலாம். யாவற்றுக்கும் மேலாக, நாம் நம் பழைய கணினியையோ தொலைபேசியையோ விற்கும் நாளில், வாங்க வந்தவர் கேட்க அறியாத கேள்விக்கும் விடையை நாமே முந்திச் சொல்லலாம். பல்கலைக்கழக விடுதிகளிலே ஆண்டுதோறும் எத்தனையோ கருவிகள் கைமாறுகின்றன. அவ்வேளைகளில் நாம் நடந்துகொள்ளும் முறையே, கொடகவெலத் தொழிலாளியிடம் அறம் பேச நாம் தகுதியுடையோமா என்பதைக் காட்டும்.