வாய்ச் சமயமும் வாழ்க்கைச் சமயமும்

ஒருவனுடைய சமயம் யாது என வினவினால், அவன் எந்த ஆலயத்திற்குச் செல்கிறான், எந்நூலை ஓதுகிறான் என்பவற்றையே உலகம் விடையாகக் கொள்கிறது. அவ்விடை போதுமா? அமெரிக்க ஐக்கிய நாட்டைத் தோற்றுவித்த தலைவர்களின் வாழ்க்கையைக்கொண்டு இதனை ஆராயக் கருதுகிறோம்.

அத்தலைவர்கள் மெய்யான கிறிஸ்தவர்களா, அல்லரா என்பது நெடுநாளைய வழக்கு. ஒரு சாரார் அவர்களைப் பக்தர்கள் என்பர். மறுசாரார் பகுத்தறிவாளர் என்பர். இரு சாராரும் அவர்கள் எழுதிய கடிதங்களையும் சென்ற ஆலயங்களையுமே சான்றாகக் காட்டுவர். நாம் வேறொரு சான்றைத் தேடுவோம். அவர்களிற் பலர் அடிமைகளை உடையோர். தன்னைப்போலவே பிறனையும் நேசிக்க வேண்டும் என்பது இயேசுநாதர் போதனை. அப்போதனை அடிமையின் குடிசை வாயிலில் என்னவாயிற்று என்பதே நம் கேள்வி.

வர்ஜீனியாவைச் சேர்ந்த பாட்ரிக் ஹென்றி கிறிஸ்து மார்க்கத்தில் உறுதியான நம்பிக்கை உடையவர். 1775 ஆம் ஆண்டில் ரிச்மண்ட் நகரத்து ஆலயமொன்றில் கூடிய மாநாட்டில், சுதந்திரமின்றி வாழ்வதினும் சாவதே மேல் என முழங்கியவர். அவரே 1773 இல் குவேக்கர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அடிமை முறை தம் மார்க்கத்திற்கு முரணானது என ஒப்புக்கொள்கிறார். தாமே விலைக்கு வாங்கிய அடிமைகள் தம்மிடம் உளர் என்றும், அவர்களின்றி வாழ்வது வசதிக் குறைவு என்றும், இதனை நியாயமென்று சொல்லத் தம்மால் இயலாது என்றும் எழுதுகிறார். எனினும் 1799 இல் மறையும்வரை அவர்களுக்கு விடுதலை அளித்தாரில்லை.

தாமஸ் ஜெபர்சனோ அற்புதங்களை நம்பாதவர். புதிய ஏற்பாட்டிலிருந்து இயேசுவின் அறவுரைகளை மட்டும் கத்தியால் வெட்டியெடுத்துத் தமக்கென ஒரு நூல் தொகுத்துக்கொண்டார். மாந்தர் யாவரும் சமம் என்று 1776 இல் எழுதியவரும் அவரே. அவர் தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். வாழ்நாளில் இருவருக்கும், மரண சாசனத்தால் ஐவருக்கும் மட்டுமே விடுதலை தந்தார். அவர் மறைந்தபின், 1827 இல், நூற்றுக்கு மேற்பட்டோர் அவருடைய கடனுக்காக ஏலத்தில் விற்கப்பட்டனர்.

நம்பியவரும் நம்பாதவரும் ஒரே வாசலில் வந்து நின்றதைக் காண்கிறோம். இனி மற்றைய வாசலையும் நோக்குவோம்.

பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர். முதுமையில் அவர் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமை முறைக்கு எதிரான அச்சங்கத்தின் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அடுத்த மாதமே, இயேசு தெய்வமென்பதில் தமக்கு ஐயமுண்டு என ஒரு கடிதத்தில் எழுதினார்.

வர்ஜீனியாவின் பெருஞ்செல்வர் இராபர்ட் கார்ட்டரோ 1778 இல் ஞானஸ்நானம் பெற்றுப் பாப்டிஸ்ட் சபையிற் சேர்ந்தவர். அடிமைகளோடு ஒரே சபையில் அமர்ந்து வழிபட்டவர். 1791 இல் அவர் பத்திரம் எழுதி, 450க்கு மேற்பட்டோரைப் படிப்படியாக விடுவிக்க ஏற்பாடு செய்தார். அயலார் வெகுண்டனர், அவர் பின்வாங்கவில்லை.

அப்படியாயின் நம்பிக்கையால் பயனில்லையோ என்று கேட்கலாம். அவ்வாறன்று. கார்ட்டரை அசைத்தது அவருடைய நம்பிக்கையே. ஆனால் அதே நம்பிக்கை ஹென்றியை அசைக்கவில்லை. ஒருவர் அது கேட்ட விலையைக் கொடுத்தார். மற்றவர் அது கேட்பது நியாயமென்று ஒப்பி, விலையைக் கொடாது விட்டார்.

இவ்விருவர்க்கும் இடைப்பட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். அவர் தமக்குச் சொந்தமான 123 பேரைத் தம் மனைவியின் காலத்திற்குப்பின் விடுவிக்குமாறு 1799 இல் சாசனம் எழுதினார். அவர் மனைவியாரோ 1801 இலேயே அவர்களை விடுவித்தார். நற்செயலே, ஆயினும் வாஷிங்டனுக்கு அதனால் ஒருநாள் வசதியும் குறையவில்லை.

அன்பர்களே, குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் நன்று. ஆயின் அது திருந்துதல் ஆகாது. ஹென்றியின் கடிதத்தில் பொய்யில்லை. ஆனால் அதனால் ஓர் அடிமையின் சுமையும் இறங்கவில்லை. தவறென்று நன்கறிந்தும் வசதிக்காக நாம் விடாதிருப்பது எது? அதனை நாம் ஒவ்வொருவரும் நம் இல்லத்திலேயே தேடிப் பார்ப்போமாக. அங்கே நாம் செய்யும் முடிவே நம் சமயம்.