ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிற்று?



நம் சபையில் ஒரு விசுவாசித் தாயார் உண்டு. ஊர் பென்னாகரம் பக்கம். மகனுக்கு அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ பட்டணத்தில் வேலை. தகப்பன் படுத்த படுக்கையானார் என்று கேட்டதும் சனிக்கிழமை ராத்திரி விமானம் ஏறினான். பெங்களூரில் வந்து இறங்கினபோது திங்கட்கிழமை காலை. "ஐயா, நடுவுல ஞாயித்துக்கெழம எங்கய்யா போச்சு? எம்மவன் ஆராதனையில்லாமயா இருந்தான்?" என்று அந்தத் தாயார் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நியாயமான கேள்விதான்.

கணக்கைப் பாருங்கள். அந்தப் பட்டணத்திலிருந்து எங்கும் நிற்காமல் பெங்களூருக்கு வந்த முதல் ஏர் இந்தியா விமானம் 2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு புறப்பட்டது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் எல்லாரும் பெண்கள். ஸ்தோத்திரம்! ஏறக்குறைய 17 மணி நேரம் பறந்து, 11-ந்தேதி திங்கட்கிழமை விடியுமுன் இறங்கினார்கள். குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தைவிட நம்முடையது 13½ மணி நேரம் முந்தி ஓடும். 17-ம் 13½-ம் சேர்ந்தால் 30½. ஞாயிற்றுக்கிழமை அதற்குள்ளே அடங்கிப்போயிற்று.

நேர் தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். சுவரில் மாட்டியிருக்கிற படத்தில் கோடு போட்டால் சமுத்திரத்தின் மேல் குறுக்கே வரும். அவர்களோ வடதுருவத்தின் மேலே வந்தார்கள். பிள்ளைகளுடைய பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது தானாக வடக்கே ஏறும். பார்த்தால் சுத்து மாதிரி இருக்கும், ஆனா அதுதான் கிட்டம். (இஸ்ரவேலரைத் தேவன் கிட்டத்து வழியாய் நடத்தாததற்குக் காரணம் வேறே, இதோடு அதைக் கலக்க வேண்டாம்.)

இதையெல்லாம் நான் விளக்கி முடித்தபின் தாயார் சொன்னார்கள்: "அது எனக்கு வெளங்கல ஐயா. அம்மாந் தூரத்துலருந்து ரெண்டு நாள்ல வந்துட்டான். அவங்கப்பா மொகத்தப் பாத்துட்டான்."

பிரியமானவர்களே, அந்த வார்த்தை என்னைக் குத்திற்று. என் கூடப்பிறந்த அண்ணன் பாலக்கோட்டில் இருக்கிறார். தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரங்கூட ஆகாது. மாந்தோப்பு வரப்புத் தகராறில் பேச்சு நின்று நாலு வருஷம். மத்தேயு 5-ம் அதிகாரத்தை, காணிக்கையைப் போட்டுவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்லுகிற பகுதியை, இந்த நாலு வருஷத்தில் எத்தனை தரம் பிரசங்கித்தேன்!

மறுநாளே பஸ் ஏறினேன். அண்ணன் களத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றார். அண்ணி மோர் கொடுத்தார்கள். வரப்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வருகிற சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.