நூலகத் தளமும் மென்பொருள் சுதந்திரமும்

பொது நூலகத்தின் இணையதளத்தை இயக்கும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கப்படுவன விலையும் வசதியும்தான். ஆனால் அறிவு எல்லோருக்கும் பொது என்ற கொள்கையை நம்பி எழுந்த நிறுவனம் நூலகம். அது, யாரும் திறந்து பார்க்கவோ மாற்றவோ முடியாத கருவியைக் கொண்டு தன் பணியைச் செய்யலாமா? திறமூல மென்பொருளைத் தேர்ந்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா? இவை தொழில்நுட்பம் மட்டும் விடை சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல. அறவியலும் சேர்ந்து விடை சொல்ல வேண்டியவை.

மென்பொருள் சுதந்திரத்துக்காக இரண்டு வகை வாதங்கள் உள்ளன. 1983இல் குனு என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மனின் வாதம் கடமையை அடிப்படையாகக் கொண்டது. எந்த நோக்கத்துக்கும் இயக்குவது, மூலநிரலைப் படித்து மாற்றுவது, படியெடுத்துப் பகிர்வது, மாற்றியதையும் பகிர்வது ஆகிய நான்கும் பயனரின் உரிமைகள். அவற்றைப் பறிப்பது தவறு என்பது அவர் நிலை. 1998இல் தோன்றிய திறமூல இயக்கம் பயனை முன்வைத்தது. பலர் பார்க்கும் நிரலில் பிழைகள் விரைவில் பிடிபடும், தரம் கூடும் என்றது. வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் மூன்றும் குனு பொது உரிமத்தில் வெளிவருபவை என்பதால் இரு தரப்பும் அவற்றை ஏற்கும். வேறுபாடு சோதனையான நேரத்தில்தான் தெரியும். மூடிய மென்பொருள் ஒன்று இன்னும் நன்றாக வேலை செய்தால், பயனை மட்டும் கருதுபவர் அதற்கு மாறிவிடுவார். கடமையைக் கருதுபவர் தயங்குவார்.

அந்தத் தயக்கத்துக்கு நூலக மரபிலேயே ஆதாரம் உண்டு. சென்னையில் 1931இல் வெளியான நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூலில், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் முதல் விதியை விளக்கும்போது, ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை எடுத்துக்காட்டுகிறார். புத்தகம் பத்திரமாக இருந்தது; ஆனால் பயன்பாடு சுருங்கியது. நூல்கள் பயன்படுவதற்கே என்ற விதி அந்தச் சங்கிலியை அறுக்கச் சொன்னது. மூலநிரலைப் பூட்டி வைக்கும் உரிமமும் அத்தகைய சங்கிலிதான்.

கருவி நடுநிலையானது, புத்தக அலமாரி எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று நூலகர் கேட்பதில்லையே என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். ஆனால் அலமாரி எதையும் முடிவு செய்வதில்லை. மென்பொருள் செய்கிறது. எந்தத் தலைப்பு முதலில் தெரிய வேண்டும், வாசகரைப் பற்றி எதைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதிகள் அதற்குள் எழுதப்பட்டுள்ளன. தன் நோயைப் பற்றிய புத்தகம் தேடும் ஒருவரின் வருகையை, பக்கத்தில் பொருத்திய புள்ளிவிவரக் கருவி வேறொரு நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பிவிடக்கூடும். அமெரிக்க நூலகச் சங்கம் 2019இல் தன் நூலக உரிமைப் பிரகடனத்தில் வாசகரின் அந்தரங்கத்தைத் தனிப்பிரிவாகவே சேர்த்தது. திறமூல அமைப்பிலும் தவறான செருகுநிரல் இப்படிச் செய்யலாம். ஆனால் அங்கே அதைச் சோதித்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பொது நிறுவனத்தின் விதிகள் பொதுமக்களின் ஆய்வுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே இங்கு அடிப்படை நியாயம்.

எனினும் உரிமம் தரும் சுதந்திரத்துக்கு எல்லை உண்டு. தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் 1958ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் சுதந்திரத்தை இரண்டாகப் பிரித்தார்: பிறர் தடுக்காமல் இருப்பது ஒன்று, தன்னைத் தானே நடத்திக்கொள்வது மற்றொன்று. பொது உரிமம் முதலாவதைத்தான் தருகிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத சிற்றூர் நூலகத்தை மாற்றம் செய்யவிடாமல் யாரும் தடுக்கவில்லை. ஆனால் மாற்ற அதனால் முடியாது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, அதைக் கையாளும் திறனும் வேண்டும் என்று பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் வலியுறுத்துவது இங்கும் பொருந்தும்.

ட்ரூபல் இதை அனுபவமாகவே காட்டியது. 2011இல் வந்த அதன் ஏழாம் பதிப்பில் ஏராளமான தளங்கள் இயங்கின. 2015இல் வந்த எட்டாம் பதிப்பு உள்ளமைப்பில் பெரிதும் மாறியிருந்ததால், பழைய தளத்தை இருந்த இடத்திலேயே புதுப்பிக்க இயலவில்லை. புதிய தளம் கட்டி உள்ளடக்கத்தைக் குடிபெயர்க்க வேண்டியிருந்தது. ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5இல் நின்றது. நிரலாளர் இல்லாத நிறுவனங்களுக்கு இது பெரும் சுமை. ஆனால் பழைய வழியைத் தொடர விரும்பிய சிலர் அதே நிரலிலிருந்து பேக்டிராப் என்ற தனிக் கிளையை உருவாக்கி 2015இல் வெளியிட்டார்கள். தானாக ஒரு வரி நிரலும் எழுத முடியாத நூலகத்துக்கும் அதனால் இன்னொரு பாதை கிடைத்தது. மென்பொருள் சுதந்திரம் தனியாள் சொத்து அல்ல. ஒரு சமூகம் சேர்ந்து அனுபவிக்கும் உரிமை என்பது இதிலிருந்து புலப்படும்.

சேர்ந்து அனுபவிப்பதைச் சேர்ந்து காக்கவும் வேண்டும். பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துப் பராமரித்தால் அவை நீண்டகாலம் நிலைக்க முடியும் என்று ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் விளக்கினார். பின்னர் நூலகரான சார்லட் ஹெஸ்ஸுடன் சேர்ந்து அந்தச் சிந்தனையை அறிவுக்கும் விரித்தார். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை 1999இல் தனக்காக உருவாக்கச் சொன்ன கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்று அது இந்தியா உட்படப் பல நாடுகளின் நூலகங்களில் இயங்குகிறது. எல்லா நூலகமும் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. பிழையை முறையாகத் தெரிவிப்பதும், இடைமுகத்தைத் தமிழாக்குவதும், பயன்பாட்டுக் குறிப்பு எழுதுவதும் பங்களிப்புகளே.

தேர்வில் இந்தக் கொள்கை எப்படிச் செயல்படும்? முதல் அளவுகோல், அன்றாடம் தளத்தைக் கையாளும் பணியாளரின் திறன். பதிவு எழுதி வெளியிடுவதே முக்கியம் என்றால் வேர்ட்பிரஸ் எளிது. அரிய படங்களையும் ஆவணங்களையும் கண்காட்சியாக வைக்க ஒமேக்கா என்ற மென்பொருள் பொருந்தும். ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டம் மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளைக் கொண்டு வளர்ந்தது.

இரண்டாவது, வெளியேறும் வழி. குழந்தைகளுக்கான கதை நேர அறிவிப்பில் தேதி, இடம், வயது வரம்பு ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களாக வைத்தால், முடிந்த நிகழ்ச்சி பட்டியலிலிருந்து தானே விலகும்படி அமைக்கலாம். வேறு அமைப்புக்கு மாறும்போதும் விவரங்கள் சிதறாமல் போய்ச் சேரும். ட்ரூபலில் இது இயல்பான முறை. வேர்ட்பிரஸிலும் திட்டமிட்டால் செய்யலாம். எல்லாவற்றையும் ஒரே பத்தியாக எழுதிவைத்த தளம் எந்த உரிமத்தில் இருந்தாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, எல்லா வாசகரும் அணுகும் வாய்ப்பு. படத்துக்கு மாற்று விவரம் எழுதாவிட்டால் திரை படிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கு அந்தப் படம் இல்லாததற்குச் சமம். விவரம் எழுதுமாறு வற்புறுத்தும் அமைப்பு, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்ற ரங்கநாதனின் இரண்டாம் விதிக்குத் துணைநிற்கிறது.

இவற்றைக் கொண்டு பார்த்தால் கடமையின் தன்மையும் தெளிவாகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் போடாமல் கைவிடப்பட்ட திறமூலத் தளத்தைவிட, தரவை முழுமையாக எடுத்துச்செல்ல அனுமதிக்கும் கட்டணச் சேவை வாசகருக்கு நல்லதாக இருக்கலாம். தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் கடமைகளை விலக்கில்லாதவை, சூழலுக்கேற்ப நிறைவேற்ற இடம் தருபவை என்று பிரித்தார். வாசகரின் அந்தரங்கத்தைக் காப்பதும் அவரை ஒதுக்காமல் இருப்பதும் முதல் வகையைச் சேர்ந்தவை. திறமூலத்தைத் தேர்வதும் அதன் வளர்ச்சிக்கு உதவுவதும் இரண்டாம் வகை. வசதி குறைந்த நூலகம் அவற்றைப் படிப்படியாக நிறைவேற்றலாம், ஆனால் கைவிட முடியாது. பராமரிக்கும் திறனும் பங்களிக்கும் மனமும் சேரும்போதுதான் உரிமம் எழுதித் தந்த சுதந்திரம் வாசகருக்குப் பயனாகிறது.