கூட்டுக் கைங்கர்யமும் கர்த்ருத்வ த்யாகமும்

ஸ்ரீ:

உத்ஸவ காலத்தில் ஊரார் ஒன்றுகூடிச் செய்யும் பணிகள் பல. அவற்றுள் பின்னுதல், முடைதல், தொடுத்தல் என்னும் மூன்றும் ஓரினத்தைச் சேர்ந்தவை. பந்தலுக்குக் கீற்று முடைவதாயினும், பிரஸாதத்திற்கு ஓலைப்பெட்டி முடைவதாயினும், திருமாலை தொடுப்பதாயினும், பலருடைய கைகள் சேர்ந்தாலன்றி உரிய காலத்தில் நிறைவேறுவதில்லை. இப்பணிகளில் ஒரு தர்ம விசாரம் அடங்கியிருக்கிறது. பலர் கூடிப் பின்னிய பொருள் யாருடையது? அதில் ‘இது நான் செய்தது’ என்று ஒருவர் சொல்லிக்கொள்ள இடமுண்டோ? இடமில்லையாயின், சிரத்தையுடன் செய்தவருக்கும் ஏனோதானோ என்று செய்தவருக்கும் வேற்றுமை யாது?

காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரையுள்ள இக்கடற்கரையில் வாழ்வோருக்கு இது ஏட்டில் மட்டும் உள்ள வினா அன்று. பருத்தி நூலால் வலையைக் கையாலேயே பின்னி, மரப்பட்டைச் சாயமேற்றிப் பயன்படுத்திய காலம் ஒன்றிருந்தது. நைலான் நூலும் இயந்திர வலையும் வந்தபின் அவ்வேலை குறைந்துவிட்டது. காட்டுப்பள்ளியிலேயே 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஏற்பட்டது. பின்னர்த் துறைமுகமும் எழுந்தது. எனினும் கிழிந்த வலையைச் செப்பனிடும் வேலை கையை விட்டு அகலவில்லை. பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையால் கூடையும் பெட்டியும் முடைகின்றனர். இவ்வூரின் பெயர் கடல் கடந்தும் சென்றிருக்கிறது. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றளவும் ‘பெலிகாட்’ என்றே பெயர். ஊரின் பெயர் நின்றது. நெய்தவர்களில் ஒருவர் பெயரும் அதில் நிற்கவில்லை.

பெயர் மறைந்தால் உழைப்புக்கு ஊக்கமேது என்று சிலர் வினவலாம். உலகியலில் அதற்கு நியாயமுண்டு. கோயில்களில் டியூப் லைட்டில் ‘உபயம்’ என்று பெரிதாக எழுதி, விளக்கின் ஒளியில் பாதியை அவ்வெழுத்தே மறைப்பதை நாம் காணாமலில்லை. ஆயினும் பெயரின்றியும் பெரும்பணி நடக்கும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்றுண்டு. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில், ‘மதர் இந்தியாஸ் க்ரோஷே க்வீன்ஸ்’ என்னும் மகளிர் குழுவினர், கொக்கியூசியால் பின்னிய சிறு போர்வைகளை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தனர். சாதனை குழுவின் பெயரில் பதிவாயிற்று. ஒவ்வொரு கண்ணியையும் பின்னிய கை எது என்பதைப் பார்ப்பவர் அறியார். அதனால் எந்தக் கண்ணியும் பயனற்றுப் போய்விடவில்லை.

சாஸ்திரம் இதனை எவ்வாறு நிர்ணயிக்கிறது? ஸ்ரீ கீதை பதினெட்டாம் அத்தியாயத்தில் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் கூறப்படுகின்றன: சரீரம், ஜீவன், இந்திரியங்கள், பிராணனின் பலவகைச் சேஷ்டைகள், தைவம். இங்குத் தைவமாவது அந்தர்யாமியான பரமாத்மாவே என்பது எம்பெருமானார் திருவுள்ளம். தனியொருவன் செய்யும் செயலுக்கே ஐந்து காரணங்கள் வேண்டுமாயின், நூறு பேர் கூடிப் பின்னியதில் ‘நானே கர்த்தா’ என்பது எங்ஙனம் பொருந்தும்? ஆகவே பலனில் பற்று, ‘என்னுடையது’ என்னும் மமதை, ‘நானே செய்தேன்’ என்னும் கர்த்ருத்வம் ஆகிய மூன்றையும் விடுவதே ஸாத்விக த்யாகம் எனப்படும்.

இவ்விடத்தில் ஒரு மயக்கம் எழும். ‘நான் கர்த்தா அல்லேன் என்றால், முடிச்சு தளர்ந்தால் எனக்கென்ன?’ என்று ஒருவன் கருதக்கூடும். அது த்யாகமன்று. மோஹத்தால் கர்மத்தைக் கைவிடுவது தாமஸம். உடல் வருந்துமே என்று அஞ்சி விடுவது ராஜஸம். விட வேண்டியது அபிமானத்தையே அன்றிக் கவனத்தையன்று. வலையே இதற்குத் தக்க த்ருஷ்டாந்தம். ஆயிரம் கண்கள் செவ்வையாக இருந்தும் ஒரு முடிச்சு நெகிழ்ந்தால் மீன் அவ்வழியே வெளியேறிவிடும். அது யார் போட்ட முடிச்சு என்று மீன் கேட்பதில்லை. புகழில் பங்கு கேளாதவனுக்கும் பொறுப்பில் முழுப் பங்குண்டு.

ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தில், கண்ணனும் பலராமனும் மதுரையில் புகுந்தபோது அவர்களுக்கு உபசாரம் செய்த இருவரைப் பற்றிக் கூறப்படுகிறது. மாலை கட்டுபவனுக்கு ஸுதாமா என்று பெயர் சொல்லப்படுகிறது. அவனுக்கு முன்னே, பல வண்ண வஸ்திரங்களால் அவர்களை அழகுற அலங்கரித்த நெசவாளிக்கோ பெயர் சொல்லப்படவில்லை. ஆயினும் பகவான் தன் ஸாரூப்யத்தை அவனுக்கு அருளினான். ஏட்டில் பெயர் இல்லாமை அருளுக்குத் தடையாகவில்லை.

ஆஸ்திகர்கள் இங்கே மற்றொன்றையும் சிந்திக்க வேண்டும். த்யாகம் என்பது தான் தனக்கு விதித்துக்கொள்வது. பிறர் மேல் விதிப்பதன்று. திருவிழாக் கடைத்தெருவில் அமர்ந்து ஓலைப்பெட்டி முடைந்து விற்கும் பெண்ணுக்கு அதுவே ஜீவனம். அவளிடம் ‘இது பெருமாள் காரியமாயிற்றே’ என்று சொல்லி விலையைக் குறைப்பதும், அதே பெட்டியில் பிரஸாதம் வழங்கியவரின் பெயரைப் பலகையில் எழுதுவதும் தர்மமாகா. பெயரை விட வேண்டியவர் பெயரைப் பிடித்துக்கொண்டு, கூலி பெற வேண்டியவரைக் கூலியை விடச் சொல்வது தலைகீழான த்யாகம். கைங்கர்யமாகச் செய்ய விரும்புவோர் தாமே மனமுவந்து செய்யட்டும். தொழிலாகச் செய்வோருக்கு உரிய பொருள் குறைவின்றிச் சேரட்டும்.

ஆகவே, பலர் கூடிப் பின்னியது யாருடையது என்னும் வினாவுக்கு விடை இதுவே: அர்ப்பணம் செய்தபின் அது எம்பெருமானுடையது, பின்னும்போது அதன் பொறுப்பு பின்னுகிறவர் ஒவ்வொருவருடையது, பிழைப்புக்காகப் பின்னியவருக்குரிய கூலியோ நாம் தீர்க்க வேண்டிய கடன். இம்மூன்றையும் ஒன்றோடொன்று கலந்து குழப்பாமல், இவ்வுத்ஸவத்தில் கூடும் பாகவதர்கள் அனைவரும் தத்தம் முடிச்சை இறுகப் போடுவார்களாக.

சுபம்.