புரியாததற்கும் செவிசாய்த்தல்

கேட்டல் எளிய செயல் என்றே நாம் எண்ணுகிறோம். கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. ஒலி தானாகவே வந்து விழுகிறது. ஆயினும் செவியில் விழுவது வேறு, செவிசாய்ப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை நமக்கு உணர்த்தும் இசை ஒன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையிலிருந்து 1950-களின் இறுதியில் கிளைத்தெழுந்த 'ஃபிரீ ஜாஸ்', அதாவது கட்டற்ற ஜாஸ், என்பதே அது.

அந்தந்தக் கணத்தில் புனைந்து வாசிப்பது ஜாஸுக்குப் புதிதன்று. நாம் மனோதர்மம் என்று சொல்வதற்கு ஓரளவு ஒப்பானது அது. ஆனால் முன்பெல்லாம் தெரிந்த ஒரு பாட்டின் மெட்டும், அதன் சுரக்கூட்டுகள் மாறிவரும் வரிசையும் இசைப்பவருக்கு வழித்துணையாய் இருந்தன. கேட்பவருக்கும் அவையே கைப்பிடி. டெக்சஸ் மாநிலத்தில் பிறந்த ஆர்னெட் கோல்மன் அந்த வரிசையைக் கைவிட்டார். 1959 நவம்பரில் நியூயார்க்கின் 'ஃபைவ் ஸ்பாட்' விடுதியில் தம் பிளாஸ்டிக் சாக்ஸபோனுடன் அவர் வாசித்தபோது, இசையறிந்தோரே இரு அணிகளாய்ப் பிரிந்தனர்.

1960 டிசம்பர் 21 அன்று அவர் 'ஃபிரீ ஜாஸ்' என்ற பெயரிலேயே ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். எட்டுக் கலைஞர்கள், நால்வர் நால்வராக இரு குழுக்கள். ஸ்டீரியோவில் ஒரு குழு இடப்புறமும் மற்றது வலப்புறமும் ஒலிக்க, ஏறத்தாழ 37 நிமிடங்கள் அந்த இசை தொடர்கிறது. 1962-இல் 'டவுன் பீட்' இதழின் திறனாய்வாளர் ஒருவர் அதற்கு ஐந்து நட்சத்திரங்களையும் வழங்கினார். அதே இதழில் இன்னொருவர் ஒன்றுகூட வழங்கவில்லை.

இருவருள் யார் சொன்னது சரி என்று தீர்ப்பது நம் நோக்கமன்று. புரியாத ஒன்றுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதே நம் கேள்வி. முழுவதும் கேட்டபின் மறுப்பது நேர்மையான செயல்தான். நாம் அஞ்ச வேண்டியவை வேறு இரண்டு. இரண்டாம் நிமிடத்திலேயே 'இரைச்சல்' என்று ஒதுக்கிவிடுவது ஒன்று. புரியாமலே, பெரியோர் புகழ்ந்தார்கள் என்பதற்காகத் தலையாட்டுவது மற்றொன்று. இரண்டிலும் செவி மூடியே இருக்கிறது.

அப்படியானால் எதுவும் இசையாகிவிடுமா? இல்லை. 'ஃபிரீ ஜாஸ்' தட்டைப் பொறுமையாகக் கேட்டால் ஓர் ஒழுங்கு தெரியவரும். ஒவ்வொருவருக்கும் முறை வருகிறது. பின்னணியில் நிற்கும் டபுள் பேஸுக்கும் டிரம்ஸுக்கும்கூட. ஒருவர் முன்நிற்கையில் பிறர் விரும்பினால் இடையே சேரலாம், அமைதி காக்கலாம். ஒருவர் விட்ட துணுக்கை இன்னொருவர் பற்றிக்கொள்கிறார். இசைப்பவர்களே அங்கு முதலில் கேட்பவர்கள். தன் குரலையே துரத்திக்கொண்டு ஓடுபவரின் கட்டற்ற தன்மை விரைவில் சலிப்பூட்டும். விடுதலையையும் தான்தோன்றித்தனத்தையும் பிரித்தறிய இதைவிட நல்ல உரைகல் நமக்குத் தெரியவில்லை.

அந்த எண்மருள் ஒருவரான எரிக் டால்ஃபி, 1964 ஜூன் 2 அன்று நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில் வாசித்தார். அப்பதிவின் முடிவில் அவர் குரல் கேட்கிறது: இசை முடிந்ததும் காற்றில் கலந்துவிடுகிறது, அதை மீண்டும் பிடிக்க முடியாது என்னும் பொருளில் பேசுகிறார். அம்மாதம் 29-ஆம் நாள் பெர்லினில் தம் 36-ஆம் வயதில் இறந்துபோனார். பிடிக்க முடியாது என்று சொன்ன அந்தக் குரலையும் ஓர் இசைத்தட்டே நமக்குப் பிடித்து வைத்திருக்கிறது!

தட்டின் நன்மையும் தீமையும் இங்கே தெரிகின்றன. நேரில் கேட்கையில் அடுத்து வருவது இசைப்பவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வியர்வை வழிய உழைக்கும் மனிதர் எதிரே நிற்கும்போது எழுந்து போக மனம் கூசும். தட்டிலோ முள்ளை எடுத்துவிடலாம். ஆனால் தூரத்தில் இருப்பவருக்கு அதுவே வாசல். முதல் நாள் திகைக்க வைத்தது மூன்றாம் நாள் பேசத் தொடங்கும். பத்தாம் முறையோ எல்லாம் மனப்பாடமாகிவிடுகிறது. அன்று துணிவாய் இருந்தது நமக்கு வழக்கமாகிவிடுகிறது.

மனிதரையும் நாம் இப்படித்தான் தட்டாக்கிவிடுகிறோம். மனைவி வாய் திறந்ததும் 'தெரியும்' என்கிறோம். முதிய தந்தை தொடங்கும் கதைக்கு நாமே முடிவு சொல்லிவிடுகிறோம். இன்று அதில் ஒரு புதிய சொல் இருந்திருக்கலாம். அதற்கு இடமே தரவில்லை. வளர்ந்த பிள்ளை தடுமாறித் தடுமாறி எதையோ சொல்ல வரும்போது, 'தெளிவாகப் பேசு' என்று அதட்டி வாயடைக்கிறோம்.

1967 ஜூலை 21 அன்று நியூயார்க்கின் தூய பேதுரு லூத்தரன் ஆலயத்தில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் அடக்கச் சடங்கு நடந்தது. அங்கே கோல்மனின் குழுவும் ஆல்பர்ட் ஐலரின் குழுவும் இசைத்தன. பலர் இரைச்சல் என்று ஒதுக்கிய அந்த இசை, ஒரு நண்பரை வழியனுப்பும் அழுகையாய் அன்று ஆலயத்தில் ஒலித்தது. அழுகிறவரிடம் சீராக அழும்படி யாரும் சொல்வதில்லை, அருகில் அமர்ந்திருக்கிறோம்.

இவ்விசையை எல்லாரும் விரும்ப வேண்டும் என்பதில்லை. ஒருமுறை முழுவதும் கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று எடுத்து வைத்துவிடலாம். அந்த 37 நிமிடப் பொறுமையை அன்று மாலையே வீட்டில் ஒருவருக்குக் கொடுக்க முடிந்தால், கேட்டது வீண்போகவில்லை.